குடவோலை ஊருக்குக் கொரோனா வந்தபோது

ஊராட்சித் தேர்தலுக்கு இலக்கணம் வகுத்த ஊர் என்று உலகம் கொண்டாடும் உத்திரமேரூரில், பெருந்தொற்றின் இரண்டு அலைகள் அடித்த காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்கூட இல்லை. அந்த வெற்றிடத்தின் கதை இது.

2021 மே மாதம். மாநிலம் முழுக்க ஊரடங்கு. விடியற்காலை ஐந்து மணிக்கு உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்து ஒன்றுகூட இல்லை. டீக்கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. ஆனால் சாலையோரம் கம்பெனி வண்டிகள் வந்து நிற்கின்றன, கண்ணாடியில் ஆலையின் பெயரும் ரூட் நம்பரும் ஒட்டியபடி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, முகத்தில் மாஸ்க் என்று இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். மானாம்பதிப் பக்கமிருந்தும் சாலவாக்கம் பக்கமிருந்தும் அப்பாவோ அண்ணனோ பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று வண்டிகள் பிரிந்து போகும். ஏ ஷிப்ட் முடிந்து சாயங்காலம் அதே வண்டி அதே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும். வீட்டில் பாட்டி காத்திருப்பாள். நாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். ஏழாம் நாள் பாட்டிக்கு மூச்சு வாங்கும்.

இனி யாரிடம் போய்ச் சொல்வது? மற்ற மாவட்டத்துக் கிராமங்களில் இதற்கு யோசிக்க வேண்டியதில்லை. கெட்டவரோ நல்லவரோ, ராத்திரி கதவைத் தட்டினால் வெளியே வந்தே தீரவேண்டிய ஓர் ஆள் ஊரில் இருப்பார். ஊரார் வாயில் அவர் ‘பிரசிடெண்ட்’. உத்திரமேரூர் ஒன்றியத்தின் 73 கிராம ஊராட்சிகளிலும் அந்த நாற்காலி காலி. 2016 அக்டோபரில் காலியானது, 2021 அக்டோபர் வரை காலியாகவே இருந்தது.

வூகானிலிருந்து காஞ்சிபுரம் வரை

நோயின் பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீனத்தின் வூகான் நகரில் காரணம் தெரியாத நிமோனியா பரவுகிறது என்ற செய்தி 2019 டிசம்பர் 31 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. மறுநாளே அங்கிருந்த ஹுவானான் சந்தை மூடப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் வைரஸின் மரபணு வரிசை உலகத்தின் கையில் இருந்தது. ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் நோயாளி கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டார். வூகானில் படித்துவந்த, அங்கிருந்து ஊர் திரும்பிய மாணவி. பிப்ரவரி 11-இல் நோய்க்கு ‘கோவிட்-19’ என்று பெயர் வைத்தார்கள். மார்ச் 11-இல் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள்.

தமிழ்நாட்டின் முதல் நோயாளி எங்கிருந்து வந்தார் என்பது பலருக்கு மறந்திருக்கும். 2020 மார்ச் 7 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் அறிவித்த அந்த 45 வயதுக்காரர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர், ஓமனிலிருந்து திரும்பியவர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள், குணமாகிவிட்டார். அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். அவரிடமிருந்து ஊர் பற்றி எரியவில்லை.

பற்றியது சென்னையின் கோயம்பேடு சந்தையில். ஊரடங்கிலும் திறந்திருந்த அந்தச் சந்தையை 2020 மே 5 அன்று மூடியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. மூட்டை தூக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள், காய்கறி ஏற்றிப் போனவர்கள் எல்லாரும் அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று அந்த வாரத்தில் எண்ணிக்கை எகிறிய மாவட்டங்களில் காஞ்சிபுரமும் உண்டு. கோயம்பேட்டை நம்பிக் கீரையும் பூவும் பயிரிடும் ஊர்கள் இங்கே ஏராளம். ஜூன் 19 முதல் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூரோடு காஞ்சிபுரத்துக்கும் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள்.

> எங்கிருந்து வந்தது இந்த வைரஸ்?
>
> கொரோனா வைரஸ்கள் குடும்பமாக வாழ்பவை. 2002-03-இல் சார்ஸ், 2012-இல் மெர்ஸ். முன்னது வௌவாலிடமிருந்து புனுகுப்பூனை வழியாகவும், பின்னது ஒட்டகம் வழியாகவும் மனிதரிடம் வந்தது. கோவிட்டைத் தரும் சார்ஸ்-கோவ்-2 வைரஸுக்கு மிக நெருங்கிய உறவினர்கள் சீனத்தின் யுன்னான் மாகாணத்திலும் லாவோஸிலும் வௌவால்களிடம் கிடைத்துள்ளன. ஒற்றுமை 96 விழுக்காட்டுக்கு மேல்.
>
> இடையில் எந்த விலங்கு என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2025 ஜூனில் தந்த அறிக்கை, கிடைத்திருக்கும் சான்றுகள் விலங்கிலிருந்து தாவியது என்ற பக்கமே சாய்கின்றன என்றது. கேட்ட தரவுகளைச் சீனம் தராததால் ஆய்வகக் கசிவு என்ற ஐயத்தைத் தள்ளிவிடவும் முடியவில்லை என்றது.

நாற்காலி ஏன் காலி?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, கி.பி. 919, 921-ஐச் சேர்ந்தவை. குடவோலை முறையைச் சொல்பவை. முப்பது குடும்புகள் (வார்டுகள்), பானைக்குள் பெயர் எழுதிய ஓலை, சிறுவன் கைவிட்டு எடுத்துத் தருவது, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். நிற்கத் தகுதி, நிற்கத் தடை இரண்டுக்கும் அதில் பட்டியல் உண்டு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவனுடைய உறவுக்காரர்களுக்கும் இல்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். நிலமும் மனையும் மறைக் கல்வியும் உள்ள ஆண்களே நிற்கலாம். வயலில் இறங்கியவர்களின் பெயர் எழுதிய ஓலை அந்தப் பானைக்குள் விழுந்ததில்லை. ஆனாலும் ஊர்க் காரியத்துக்கு ஊருக்குள்ளேயே பொறுப்பான ஆள் வேண்டும், அவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே கல்லில் ஏறிவிட்டது.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, இந்திய மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக உத்திரமேரூரைச் சொன்னார். அன்றைக்கு அந்த ஊரைச் சுற்றிய 73 ஊராட்சிகளையும் சட்டப்படி ஆண்டுகொண்டிருந்தவர் தனி அலுவலர். அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், ஒரே ஓர் ஆள்.

> ஐந்தாண்டு வெற்றிடம்: தேதிவாரியாக
>
> 2016 அக்டோபர்: உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிகிறது. தேர்தல் வழக்குகளில் சிக்குகிறது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போகிறது.
>
> 2019 நவம்பர் 29: காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிகிறது.
>
> 2019 டிசம்பர் 27, 30: 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். மாவட்டப் பிரிப்பால் வார்டு வரையறை முடியாத 9 மாவட்டங்களுக்கு உச்ச நீதிமன்றம் விலக்கு தருகிறது. காஞ்சிபுரம் அதில் ஒன்று.
>
> 2021 ஜூன்: அந்த 9 மாவட்டங்களில் செப்டம்பர் 15-க்குள் தேர்தலை முடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிடுகிறது.
>
> 2021 அக்டோபர் 6, 9: வாக்குப்பதிவு.
>
> 2022 பிப்ரவரி 19: உத்திரமேரூர் உள்ளிட்ட பேரூராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் தேர்தல்.

கொரோனாவைக் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளியது ஒருபுறம். அதே கொரோனா காலத்தில் 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் கொடி, தோரணம், பிரியாணிப் பொட்டலத்தோடு நடந்தேறியது. இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே மாதக் கடைசியில் கடிந்துகொண்டது. கோட்டைக்கு ஆள் அனுப்பும் தேர்தலுக்கு வைரஸ் தடையாக இல்லை, ஊருக்கு ஆள் வைக்கும் தேர்தலுக்கு மட்டும் தடையாக இருந்தது என்று உத்திரமேரூர்க்காரர் ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

தலைவர் இருந்திருந்தால் வைரஸ் வந்திருக்காது என்று யாரும் சொல்லவில்லை. தலைவர்கள் இருந்த மாவட்டங்களிலும் சாவு விழுந்தது. அங்கும் எல்லாத் தலைவரும் யோக்கியர் இல்லை. பிளீச்சிங் பவுடர் வாங்கியதில் கைவைத்த கதைகளும் உலவின. வித்தியாசம் வேறு இடத்தில். எந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை, தனிமைப்படுத்திய வீட்டுக்கு யார் அரிசி கொண்டுபோய் வைப்பது, வெளியூரில் இறந்தவரின் உடலை ஊர்ச் சுடுகாட்டில் எடுக்க மறிப்பவர்களிடம் யார் பேசுவது — இவை அலுவலகத்திலிருந்து தீரும் காரியங்கள் அல்ல. சென்னையில் 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்த கூட்டத்தை நாடே பார்த்தது. அந்தப் பயம் கிராமத்துக்கும் வந்தது. அங்கே மத்தியஸ்தம் பேச நாட்டாமைகளும் சாதித் தலைக்கட்டுகளும்தான் மிச்சம். அப்படியான இடத்தில் காலனிக்கு என்ன நியாயம் கிடைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேப்பிலையும் தகரமும்

தலைவர் இல்லாத ஊரில் வேலை நடக்காமல் போய்விடவில்லை. ஊராட்சிச் செயலர், ஊரார் வார்த்தையில் ‘கிளார்க்’, தண்ணீர்த் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர்கள், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடைக்காரர், வி.ஏ.ஓ., தலையாரி என்று அரசின் அடிமட்ட ஆட்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். பெரும்பாலும் பெண்கள். குறைந்த சம்பளக்காரர்கள். தெருத்தெருவாக பிளீச்சிங் பவுடர் போட்டது, கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றியது, 2020 ஏப்ரலில் 1,000 ரூபாய்க்கான டோக்கனை வீடு வீடாகக் கொடுத்தது, 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 ரூபாயையும் 14 வகை மளிகைப் பையையும் சேர்த்தது எல்லாம் இவர்கள் கை.

பரிசோதனையில் தமிழ்நாடு ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தது. சீனத்திலிருந்து வந்த விரைவுச் சோதனைக் கருவிகள் 2020 ஏப்ரலில் பல்லிளித்த பிறகு, ஆர்.டி-பி.சி.ஆர். முறையை மட்டுமே நம்பியது. நல்ல முடிவு. ஆனால் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளி பட்டணத்து ஆய்வகம் போய் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் அந்த வீட்டுக்காரர் வயலுக்கும் போய்விட்டு வந்திருப்பார், பால் ஊற்றவும் போயிருப்பார். காய்ச்சல் முகாம் போட்டு, கையில் ஆக்சிமீட்டர் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு விரலைப் பிடித்துப் பார்த்ததுதான் அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. ‘தொண்ணூத்தஞ்சுக்குக் கீழே இறங்கினா ஆஸ்பத்திரி’ என்ற கணக்கு படிக்காத பாட்டிமாருக்கும் மனப்பாடமாயிற்று.

முதல் அலையில் நோய் கண்ட வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அம்மை கண்ட வீடுதான் நினைவுக்கு வரும். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். அந்த வீட்டார் விசேஷத்துக்கு வரமாட்டார்கள், தாளிக்கமாட்டார்கள். கூழும் இளநீரும் வாசலுக்கு வந்துவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளோடு எல்லாம் சரி. மருத்துவம் பேசும் தனிமைப்படுத்தல் என்னவோ அதுவேதான், ஆனால் அம்மை வீட்டில் அவமானம் கிடையாது. ‘ஆத்தா வந்திருக்கா’ என்று மரியாதைதான். தகரம் அடித்த வீடு ஊருக்குக் குற்றவாளி வீடாகிப் போனது. பிள்ளைகளின் பெயரோடு ‘கொரோனா வீடு’ ஒட்டிக்கொண்டது. அதன் விளைவு இரண்டாம் அலையில் தெரிந்தது: காய்ச்சல் வந்தவர்கள் முகாமுக்கு வராமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பதுங்கினார்கள். ஊரின் பழக்கம் தெரிந்த ஒருவர் முடிவெடுக்கும் இடத்தில் இருந்திருந்தால் தகரத்துக்குப் பதில் வேப்பிலையைச் செருகியிருப்பார் என்று தோன்றுகிறது. செலவும் மிச்சம்.

பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு குப்பி

தடுப்பூசிக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுப்பாட்டின் உண்மையான திருப்பம் அங்கேதான்.

2021 ஜனவரி 16-இல் தொடங்கிய தடுப்பூசி ஏப்ரலில் 45 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் திறந்தது. அந்த ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காக சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். மத்திய அரசின் குழுவும் அக்டோபரில் அதையே உறுதி செய்தது. யார் கேட்டார்கள்? மரம் நடச் சொன்ன நல்ல மனுஷனுக்கே இப்படி என்றால் நமக்கு என்ன ஆகும் என்பது வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்து, திண்ணைகளில் தீர்ப்பாகிவிட்டது.

அந்த நாட்களில் ஒரு கிராமச் செவிலியரின் வேலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். தோளில் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே ஐஸ் பேக்குகள், நடுவில் குப்பிகள். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து. மூடியில் ஊசி இறங்கிவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் காலி செய்தாக வேண்டும். மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். திறந்தால் ஏழு டோஸ் மண்ணுக்கு. திறக்காவிட்டால் வந்த மூன்று பேரும் போய்விடுவார்கள், நாளைக்குத் திரும்பமாட்டார்கள். என்ன செய்வது? ஏப்ரல் 11 வரை தமிழ்நாட்டில் 12 விழுக்காட்டுக்கு மேல் தடுப்பூசி வீணானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த கணக்கு சொன்னது; நாட்டிலேயே அதிகம். செய்தியாகப் படித்தபோது அலட்சியம் என்று தோன்றியது. பெட்டியோடு மரத்தடியில் நின்றவருக்கு அது அலட்சியமாகத் தெரிந்திருக்காது.

தீர்வு நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில் கிடைத்தது. அங்கே நூறு பெண்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரச்சொல்லி, ‘நர்சம்மா, எனக்கு சுகர் இருக்கே, போடலாமா?’ என்ற கேள்விக்கு நூறு முறை பதில் சொல்லி, முதலில் துணிந்த ஒருத்திக்குப் போட்டு, சாயங்காலம் வரை அவள் திடமாக இருப்பதை மற்றவர்களுக்குக் காட்டி மெல்ல மெல்ல நகர்ந்தது வண்டி. குப்பியில் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக நிரப்பித்தான் அனுப்புவார்கள். கைப்பழக்கம் வந்த செவிலியர்கள் அதை வீணாக்காமல் பதினொன்றாவது ஆளுக்கும் போட்டார்கள். சில மாதங்களிலேயே, வீணடித்த மாநிலம் என்று பெயர் வாங்கிய தமிழ்நாடு, கொடுத்ததைவிட அதிகம் பேருக்குப் போட்ட மாநிலங்களின் வரிசைக்கு வந்தது. செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளத்தில் பிரியாணியும் குலுக்கல் பரிசும் அறிவித்து ஆளைக் கூட்டினார்கள். சிரிப்பாக இருக்கலாம். வேலை நடந்தது.

உத்திரமேரூரிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில், செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், நூறு ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்று நிற்கிறது. மத்திய அரசு நிறுவனம் நூற்றுக்கணக்கான கோடி ரூபாயில் கட்டியது. நாடு தடுப்பூசிக்கு அல்லாடிய 2021-இல் அங்கே ஒரு குப்பிகூடத் தயாராகவில்லை. மே 25 அன்று அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்திடம் ஒப்படைக்கும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அன்று தொடங்கி அந்த வளாகம் செய்திகளில் வந்துகொண்டே இருந்தது, பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசிதான் வரவில்லை.

ஆலை ஓடியது, ஆஸ்பத்திரி அடுத்த மாவட்டம்

முதலில் பார்த்த கம்பெனி வண்டிக்கு வருவோம். 2020-இல் கோயம்பேடு செய்த வேலையை 2021-இல் இந்தப் பகுதியில் ஆலைகளின் ஷிப்ட் செய்தது என்பது என் கணிப்பு. ஊரடங்கிலும் கார் ஆலைகள் ஓட அரசு அனுமதித்திருந்தது. மே 24 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் பயந்துபோய் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். மறுநாள் முதல் ஐந்து நாள் ஆலையை மூடுவதாக நிர்வாகம் அறிவித்தது. ஒரகடத்து ரெனோ-நிசான் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார். அந்தப் பிள்ளைகள் இரவில் திரும்பிவந்து படுத்த கிராமத்துக்காகப் பேச யார் இருந்தார்கள்? எத்தனை வண்டி வருகிறது, எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், யார் வீட்டில் காய்ச்சல் என்ற கணக்கை வைத்துக்கொண்டு ஆலைக்காரரிடம் மல்லுக்கட்டும் அதிகாரம் ஊர் மன்றத்துக்கு உண்டா என்றால், உண்டு. 1939-லேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவின் முன்னோடிச் சட்டம் அது. தொற்றைத் தடுக்கும் கடமையை உள்ளாட்சி அமைப்புகளின் தலையில் சுமத்தியது. சட்டம் இருந்தது. சுமக்கும் தலைதான் இல்லை.

மாவட்டப் பிரிப்பு இன்னொன்றையும் செய்தது. 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் உத்திரமேரூர்க்காரர்களுக்குத் தலைமுறையாகப் பெரிய ஆஸ்பத்திரி. பிரித்தபோது அது அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது. காஞ்சிபுரத்துக்கு மிஞ்சியது மாவட்டத் தலைமை மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. 2022 ஜனவரியில் 11 மாவட்டங்களுக்குப் புதிதாகக் கல்லூரிகள் வந்தபோதும் காஞ்சிபுரத்தின் பெயர் அதில் இல்லை. மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ் கேட்ட நாட்களில், உத்திரமேரூர் போன்ற எல்லை ஊருக்கு இது வெறும் வரைபட விவகாரம் கிடையாது.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் 2021 மே 4 இரவு ஒரே நாளில் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். தட்டுப்பாடு இல்லை என்றது நிர்வாகம். காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆக்சிஜன் ஆலை இருந்தது. அங்கிருந்து ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் மடைமாற்ற வேண்டாம் என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஏப்ரல் கடைசியில்தான் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் விட முடியாது. 2020 மார்ச்சில் மூடிய ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இரண்டாம் வகுப்பில் போனவன் நாலாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். கல்வித் தொலைக்காட்சி ஓடியது. ஆடு மேய்க்கப் போன பிள்ளைக்கு அது எட்டவில்லை. செங்கல் சூளைக்கும் குவாரிக்கும் குடும்பத்தோடு போகும் இருளர் வீட்டுப் பிள்ளைகளில் பலர் திரும்பவே இல்லை. 2021 அக்டோபரில் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ ஓரளவு கைகொடுத்தது.

> எண்களில்
>
> தமிழ்நாட்டில் ஒரே நாளில் அதிகத் தொற்று: 36,184 (2021 மே 21)
>
> தமிழ்நாட்டில் உறுதியான மொத்தத் தொற்று: சுமார் 36 லட்சம், அரசு கணக்கில் இறப்பு 38 ஆயிரத்துக்கு மேல்
>
> காஞ்சிபுரம் மாவட்டம்: தொற்று 90 ஆயிரத்துக்கு மேல்; அரசு கணக்கில் இறப்பு சுமார் 1,300
>
> இந்தியாவில் 2020, 2021-இல் கூடுதல் இறப்பு: உலக சுகாதார நிறுவன மதிப்பீடு 47 லட்சம், அதே காலத்துக்கு அரசு கணக்கு சுமார் 4.8 லட்சம். இந்திய அரசு இந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை.

விடுபட்ட சாவுகள்

சென்னையில் முதல் அலையின்போது விடுபட்ட 444 மரணங்கள் 2020 ஜூலை 22 அன்று ஒரே நாளில் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பத்திரிகைகள் குடைந்ததால், குழு போட்டதால் அது நடந்தது. கிராமத்தில் யார் குடைவது? வீட்டிலேயே மூச்சடங்கியவருக்குச் சோதனை இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்த பலருக்குச் சான்றிதழில் ‘நிமோனியா’. அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று வந்தபோதுதான் அந்த ஒரு சொல்லின் விலை புரிந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் என்ற மாநில அரசின் உதவிக்கும் அதே சான்றுதான் வாசல். தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று ஜெராக்ஸ் கட்டோடு அலைந்தவர்கள் பலரும் விதவைகள்.

ஊராட்சிப் பகுதியில் பிறப்பு இறப்பைப் பதிவது வி.ஏ.ஓ. காரணம் சரியோ தவறோ, இறப்பு அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கும். ஓர் ஊரின் 2019 மே மாதப் பக்கத்தையும் 2021 மே மாதப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த ஊருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். இதைக் கிராம சபையில் வைத்து வாசித்திருக்க வேண்டும். 2020 அக்டோபர் 2 கிராம சபையைக் கொரோனாவைச் சொல்லி ரத்து செய்தார்கள். அடுத்தடுத்த சபைகளும் நடக்கவில்லை. 2021 அக்டோபர் 2-இல் மற்ற மாவட்டங்களில் சபை கூடியபோது, தேர்தல் நடத்தை விதியால் காஞ்சிபுரத்தில் கூடவில்லை.

அந்த மாதம் வந்த புதிய தலைவர்களுக்கு முதல் சோதனை மூன்று மாதத்தில் வந்தது. 2021 டிசம்பர் 15-இல் தமிழ்நாட்டுக்குள் கண்டறியப்பட்ட ஒமைக்ரான், ஜனவரியில் வீடு தவறாமல் புகுந்தது. பெரும்பாலோருக்கு நாலு நாள் சளி, உடம்பு வலியோடு போனது. தடுப்பூசி முகாமுக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைக் கூட்டியதும், ஊசிக்கு வராத வீடுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்ததும் இந்தத் தலைவர்கள்தான். பாதிப் பேர் பெண்கள். இட ஒதுக்கீட்டின் புண்ணியம்.

2023 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கிக்கொண்டது. வைரஸ் விலகவில்லை. 2025 கோடையில் ஜே.என்.1 வழிவந்த புதிய உருமாற்றங்கள் எண்ணிக்கையைக் கொஞ்சம் ஏற்றின. முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் அலற வேண்டியதில்லை என்பதே மருத்துவர்களின் பேச்சு. வைரஸைப் படிக்க மாநிலத்துக்குச் சொந்த மரபணு ஆய்வகம் இருக்கிறது, மருத்துவமனைகளில் ஆக்சிஜன் வசதி கூடியிருக்கிறது.

ஊராட்சிகளின் நிலைமைதான் தலைகீழாகியிருக்கிறது. 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களின், இப்போதைய கணக்கில் 28 மாவட்டங்களின், ஊராட்சி மன்றங்களுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, அவை தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அன்றைக்குத் தலைவர் இல்லாமல் கிடந்த காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 மாவட்டங்களின் மன்றங்களுக்கு ஐந்தாண்டு முடிவது 2026 அக்டோபரில்.